சிரிக்காத முகமும் வெறுக்கிற முகமும்

கேள்வி: என் கணவர் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறார். போலந்தின் வ்ரோத்ஸ்வாஃப் நகரத்தில் எங்களுக்கு இது இரண்டாவது குளிர்காலம். பையனுக்கு ஆறு வயது. கணவர் எட்டு மணிக்குப் போனால் ஆறு மணிக்குத்தான் வருவார். நடுவில் அம்மாவோடு வீடியோ கால், மற்றபடி வீட்டுக்குள்ளேயேதான். இங்கே யாரும் சிரிப்பதே இல்லை, முறைத்துத்தான் பார்க்கிறார்கள். எதிர்வீட்டு அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். ஒரு வணக்கம் சொல்வார், அதோடு சரி. தீபாவளிக்கு ஒரு டப்பா நிறைய இனிப்பு கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டார். இரண்டு நாள் கழித்து டப்பாவையும் ஒரு ஜாடி பிளம்ஸ் ஜாமையும் கையில் கொடுத்துவிட்டு, கணக்குத் தீர்ந்தது என்பது போலப் போய்விட்டார். காலை ஐந்தரை மணிக்கு மிக்ஸி ஓட்டக் கூடாது என்று யாரோ கதவில் சீட்டு ஒட்டினார்கள். பையன் தொப்பி போடவில்லை என்று முன்பின் தெரியாத பாட்டி ஒருவர் நடுத்தெருவில் என்னைத் திட்டினார். டிசம்பரில் டிராமில் இரண்டு இளைஞர்கள் எங்களைப் பார்த்து, உங்கள் நாட்டுக்குப் போங்கள் என்று கத்தினார்கள். வண்டி நிறைய ஆள் இருந்தும் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கணவரிடம் சொன்னால் "கண்டுக்காதே" என்கிறார். இவர்களுக்கு எங்களைக் கண்டாலே வெறுப்பா? ஊருக்கே திரும்பிவிடலாமா?

— திண்டுக்கல் வாசகி, வ்ரோத்ஸ்வாஃப்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நடந்த எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, அதன் மேல் வெறுப்பு என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். போலந்துக்கு வரும் நம் குடும்பங்களுக்கு ஆலோசனை சொல்வது என் தொழில்; நானும் பல வருடமாக இங்கேயேதான் குடியிருக்கிறேன். அந்த மூட்டையைப் பிரித்துப் பார்த்தால், வெறுப்பு என்று சொல்லத்தக்கது அதில் ஒன்றுதான் இருக்கிறது. அது டிராமில் நடந்தது. மற்றதெல்லாம் வேறு சங்கதி. இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தால்தான் உங்கள் கேள்விக்குப் பதில் சொல்ல முடியும்.

டிராமிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அதைப் பண்பாட்டு வேறுபாடு என்று யாராவது சமாதானம் சொன்னால் ஏற்காதீர்கள். போலந்து குற்றவியல் சட்டத்தின் 257-வது பிரிவு, ஒருவரை அவருடைய இனம், நாடு, மதம் காரணமாகப் பொது இடத்தில் இழிவுபடுத்துவதைக் குற்றம் என்கிறது. 3 ஆண்டுவரை சிறைத் தண்டனை உண்டு. மிரட்டலோ அடிதடியோ இருந்தால் 119-வது பிரிவு வரும், அதற்குத் தண்டனை இன்னும் அதிகம். இனி ஒருமுறை இப்படி நடந்தால் ஓட்டுநரின் அறைக் கதவைத் தட்டுங்கள், 112-க்கு அழையுங்கள். டிராமின் தட எண், ஏறிய நிறுத்தம், நேரம் மூன்றையும் உடனே போனில் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான வண்டிகளில் கேமரா இருக்கிறது, ஆனால் பதிவை அதிக நாள் வைத்திருக்க மாட்டார்கள். அதனால் புகாரைத் தள்ளிப்போட வேண்டாம். போலிஷ் தெரியாது என்று தயங்கவும் வேண்டாம், காவல் நிலையத்தில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். புகார் கொடுத்த எல்லோருக்கும் நியாயம் கிடைத்துவிடுகிறது என்று சொல்ல மாட்டேன். ஆனால் யாரும் சொல்லாத சம்பவம் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

யாரும் வாயைத் திறக்கவில்லை என்பதுதான் உங்களை அதிகம் புண்படுத்தியிருக்கிறது, எழுத்திலேயே தெரிகிறது. கூட்டத்தில் ஒவ்வொருவரும் அடுத்தவர் பேசட்டும் என்று காத்திருப்பது எந்த ஊரிலும் நடப்பதுதான். இங்கே அதோடு இன்னொன்றும் சேர்கிறது. அந்நியர் விவகாரத்தில் தலையிடாமல் இருப்பதை மரியாதை என்றே வளர்ந்தவர்கள் இவர்கள். ஆனால் பெயர் சொல்லாவிட்டாலும் ஆளைக் காட்டிக் கேட்டுவிட்டால் நிலைமை மாறும். பொதுவாக "உதவுங்கள்" என்று கத்தாதீர்கள். எதிரே உட்கார்ந்திருக்கும் நடுவயதுப் பெண்மணி ஒருவரின் முகத்தைப் பார்த்து, "ப்ரோஷெ பானி (அம்மா), எனக்கு உதவுங்கள்" என்று ஆங்கிலத்திலாவது சொல்லுங்கள். கேட்டபிறகு சும்மா உட்கார்ந்திருப்பது இவர்களுக்கு ரொம்பக் கஷ்டம். கேட்காதவரை எழுந்து வருவதும் அதே அளவுக்குக் கஷ்டம்.

சரி, இப்போது அந்தச் சிரிக்காத முகங்களுக்கு வருவோம்.

போலந்து அறிவியல் கழகத்தின் உளவியலாளர் குபா கிரிஸ் தலைமையில் 44 பண்பாடுகளில் நடத்திய ஆய்வு ஒன்று 2016-ல் வெளியானது. ஒரே ஆளின் சிரித்த முகத்தையும் சிரிக்காத முகத்தையும் காட்டி, இவர் எவ்வளவு புத்திசாலி, எவ்வளவு நேர்மையானவர் என்று கேட்டார்கள். எல்லா நாட்டிலும் சிரிப்புக்கு ஒரே மதிப்பு கிடைக்கவில்லை. சில நாடுகளில் சிரித்தவரைப் புத்தி குறைந்தவராகக்கூட எடைபோட்டார்கள். லஞ்ச ஊழல் அதிகமான இடங்களில் சிரிப்பின் மேல் இருக்கும் நம்பிக்கையும் குறைவாக இருந்தது. காரணமில்லாமல் சிரிக்கும் அந்நியரைப் பார்த்தால் போலந்துக்காரர் மனதில் முதலில் எழுவது, இவருக்கு என்னிடம் என்ன வேண்டியிருக்கிறது என்ற கேள்விதான். கடையில் பில் போடும் பெண் சிரிக்காததில் உங்களைப் பற்றிய தீர்ப்பு எதுவும் இல்லை. உங்களுக்கு முன்னால் நின்றவருக்கும் அவர் சிரிக்கவில்லை. அடுத்த தடவை கவனித்துப் பாருங்கள்.

இந்த இறுக்கம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் உங்களுக்குக் கொஞ்சம் சுமை குறையும். 1795 முதல் 1918 வரை 123 வருடம் போலந்து என்ற நாடே வரைபடத்தில் இல்லை. ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் பங்கு போட்டுக்கொண்டன. இரண்டாம் உலகப் போரில் ஏறக்குறைய 60 லட்சம் போலந்துக் குடிமக்கள் இறந்தார்கள். அவர்களில் பாதிப்பேர் யூதர்கள். அப்புறம் 1989 வரை கம்யூனிஸ்ட் ஆட்சி, ரகசியப் போலீஸ், காட்டிக்கொடுக்கும் ஆட்கள். அரசாங்கம் என்பது எப்போதும் அடுத்தவனுடையது, அலுவலகம் என்பது ஏமாற்றப்படும் இடம், நம்பலாம் என்றால் வீட்டு ஆட்களையும் பழைய சிநேகிதர்களையும்தான் நம்பலாம். தலைமுறை தலைமுறையாக இதுதான் பாடம். சமூகவியலாளர் ஸ்தெஃபான் நோவாக் 1979-லேயே இதைப் பற்றி எழுதினார். போலந்து மக்களின் மனம் ஒரு பக்கம் குடும்பத்தையும் நெருங்கிய நண்பர்களையும், இன்னொரு பக்கம் தேசத்தையும் பற்றிக்கொண்டிருக்கிறது. நடுவில் வெற்றிடம் என்றார் அவர். பக்கத்து வீட்டுக்காரர், டிராமில் கூட வருபவர், கடைக்காரர், நீங்கள், நான் எல்லோரும் அந்த நடுவில்தான் நிற்கிறோம்.

உங்கள் ஊருக்கு என்று தனியாக ஒரு கதையும் இருக்கிறது. வ்ரோத்ஸ்வாஃப் 1945 வரை ப்ரெஸ்லாவ் என்ற ஜெர்மன் நகரம். போர் முடிந்ததும் எல்லைகள் மாறின, ஜெர்மானியர்களை வெளியேற்றினார்கள், சோவியத் எடுத்துக்கொண்ட கிழக்குப் பகுதிகளிலிருந்தும் நாட்டின் மற்ற ஊர்களிலிருந்தும் போலந்துக்காரர்கள் வந்து குடியேறினார்கள். இன்று உக்ரைனில் இருக்கும் லிவிவ் நகரத்தின் பழைய நூலகமான ஒஸோலினேயும்கூடப் பாதி அங்கேயும் பாதி இங்கேயுமாகப் பிரிந்து வந்து சேர்ந்தது. உங்கள் எதிர்வீட்டு அம்மா எழுபது வயதுக்காரர் என்றால் அவருடைய பெற்றோர் அநேகமாக இந்த ஊரில் பிறந்தவர்கள் இல்லை. பெட்டி படுக்கையோடு வந்து, வேறொருவர் விட்டுப்போன வீட்டில், வேறொருவர் விட்டுப்போன தட்டில் சாப்பிட்டவர்களாக இருக்கலாம். என்றாவது ஒருநாள் அவரிடம், "உங்கள் அப்பா அம்மா எந்த ஊர்?" என்று கேளுங்கள். வ்ரோத்ஸ்வாஃபில் முதியவர்களிடம் இதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரியாது. இதற்கு ஒரு வரியில் பதில் சொன்னவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

இப்போது அந்த ஜாடி.

கடிதத்தில் அதைப் படித்ததும் எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது, ஏனென்றால் அந்தக் கடிதத்திலேயே நல்ல செய்தி அதுதான். செப்டம்பரில் பிளம்ஸ் வாங்கி, கொட்டை எடுத்து, சர்க்கரை அதிகம் போடாமல் மணிக்கணக்கில், சில வீடுகளில் இரண்டு மூன்று நாள் விட்டுவிட்டு, அடிபிடிக்காமல் கிளறிக் கிளறிக் கெட்டியாக்குவதுதான் போவித்வா. கறுப்பாக, கரண்டியில் நிற்கும். குளிர்காலத்துக்கென்று எண்ணி வைக்கும் சரக்கு அது. மகள் வீட்டுக்கு ரயிலேறினால் பையில் போகும், மருமகனுக்குப் போகும். அதில் ஒன்றை எடுத்து உங்கள் கையில் கொடுத்திருக்கிறார். நம் வீடுகளில் வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தர மாட்டோமே, அதே வழக்கம் இங்கேயும் பலர் வீட்டில் இருக்கிறது. பேசாமல் போனதற்குக் காரணம் அவருக்கு ஆங்கிலம் தெரியாது, உங்களுக்குப் போலிஷ் தெரியாது. வயதான காலத்தில் புரியாத மொழிக்கு முன்னால் அசட்டுத்தனமாக நிற்க யாருக்குத்தான் பிடிக்கும்?

செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அந்த ஜாடியைத் தூக்கிப் போட்டிருந்தால் பரவாயில்லை, வைத்திருந்தால் கழுவிக் காயவைத்து, மூடியோடு திருப்பிக் கொடுங்கள். ஜாம் போடுகிறவர்களுக்குக் காலி ஜாடி முக்கியம், அடுத்த செப்டம்பருக்கு வேண்டும். கூடவே வேறு எதையாவது வைத்துக் கொடுக்கலாம். காரம் வேண்டாம், தேங்காய் பிஸ்கட்டோ ஏலக்காய் போட்ட கேக்கோ போதும். இந்தப் பரிமாற்றம் மூன்று நான்கு முறை நடந்தால் ஒருநாள் "உள்ளே வாங்க" என்பார். இங்கே அந்த வார்த்தை வர மாதங்கள் ஆகலாம். வந்துவிட்டால் பிறகு உங்கள் பையனுக்கு ஒரு பாட்டி கிடைத்த மாதிரிதான்.

உள்ளே கூப்பிட்டால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் ஆட்கள் பூ விஷயத்தில் சறுக்குவார்கள். நமக்குச் சாமந்தி இல்லாமல் பூஜையே கிடையாது. இங்கே அது கல்லறைப் பூ. நவம்பர் 1-ம் தேதி நாடே கல்லறைக்குப் போய் விளக்கேற்றும்; அன்றைக்குச் சமாதிகளின் மேல் குவிந்து கிடப்பது சாமந்திதான். அதை எடுத்துக்கொண்டு விருந்துக்குப் போகக் கூடாது. எந்தப் பூவானாலும் ஒற்றைப்படை எண்ணிக்கையில் வாங்குங்கள், இரட்டைப்படை துக்கத்துக்கு. வாசற்படிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்று கை கொடுக்கக் கூடாது என்ற நம்பிக்கை இன்னும் பலருக்கு உண்டு. செருப்பு, ஷூவை வெளியே கழற்றுவது நமக்குப் பழக்கம்தான். வீட்டுச் செருப்பு ஒன்றை எடுத்துக் கொடுப்பார்கள், போட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் சைவம் என்றால் முன்கூட்டியே, இரண்டு தடவை, கோழியும் வேண்டாம், ஹாமும் வேண்டாம், சூப்பில் எலும்பும் வேண்டாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிடுங்கள். வயதானவர்களில் சிலருக்குக் கோழி, இறைச்சிக் கணக்கிலேயே வராது. உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்த, கொழுக்கட்டை மாதிரியான பியெரோகி ரஸ்கியே சுத்த சைவம்தான், ஆனால் மேலே வறுத்த பன்றிக் கொழுப்புத் துண்டுகளைத் தூவிக் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். பாசத்தில் செய்வது அது. இரண்டாவது தடவை பரிமாறும்போது வேண்டாம் என்று சொன்னாலும் விட மாட்டார்கள். அந்த இடத்தில் மட்டும் உங்களுக்குத் திண்டுக்கல் ஞாபகம் வந்துவிடும்.

மிக்ஸி விஷயத்தில் நான் சீட்டு ஒட்டியவர் பக்கம். குடியிருப்புகளில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அமைதி நேரம், அது எல்லோருக்கும் பொது. பழைய அடுக்குமாடிகளின் கான்கிரீட் பலகைச் சுவர்களில் ஐந்தரை மணி மிக்ஸி மூன்று மாடிக்குக் கேட்கும். சட்னியை முந்தின இரவே ஒன்பது மணிக்குள் அரைத்துவிடுங்கள். நேரில் சொல்லாமல் ஏன் சீட்டு என்று நீங்கள் நினைக்கலாம். நேரில் வந்து சண்டை மாதிரி ஆகிவிடக் கூடாது என்பதற்காகத்தான் சீட்டு. அடுத்த குடித்தனக்காரர் நாய் குரைத்தாலும் அதே சீட்டுதான்.

தொப்பிக்காகத் திட்டிய பாட்டியைப் பற்றிக் கவலையே வேண்டாம். குழந்தையின் காது தெரிந்தால் போலந்துப் பாட்டிகளால் சும்மா போக முடியாது, தங்கள் சொந்த மருமகளையும் இதே குரலில்தான் திட்டுகிறார்கள். நம் தெருவில் "பிள்ளைக்கு ஏம்மா வெயிலில் குடை பிடிக்கலை" என்று கேட்கும் ஆத்தாக்களை நீங்கள் வெறுப்பு என்று நினைத்ததில்லையே. உங்கள் பையனை வேற்று ஆள் என்று ஒதுக்கியிருந்தால் அவன் காது குளிர்ந்தால் அவருக்கு என்ன?

முறைத்துப் பார்க்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. போரும் அதன் பின் வந்த எல்லை மாற்றங்களும் போலந்தை ஏறக்குறைய ஒரே இனம், ஒரே மதம் கொண்ட நாடாக ஆக்கிவிட்டன. 1960, 70-களில் பள்ளியில் படித்தவர்களின் வகுப்பில் மாநிறக் குழந்தை ஒன்றுகூட இருந்திருக்காது. அவர்களுடைய பார்வை வெறும் வேடிக்கையாக இருக்கலாம், தயக்கமாக இருக்கலாம், சிலரிடம் உண்மையாகவே விரோதமாகவும் இருக்கலாம். கண்ணை மட்டும் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் நான் எல்லோரிடமும் சொல்வது ஒரே பரிசோதனை: நீங்கள் முந்திக்கொண்டு "ஜென் தோப்ரி" என்று வணக்கம் சொல்லுங்கள். லிப்டில் ஏறும்போது, டாக்டர் அறைக்கு வெளியே காத்திருப்பவர்களைப் பார்த்து, சின்னக் கடைக்குள் நுழையும்போது, மாடிப்படியில் எதிரே வருபவரிடம். சொல்லாமல் நுழைபவர்தான் இங்கே திமிர் பிடித்தவர். நாம் சிரித்தபடியே மௌனமாக நுழைகிறோம், அவர்கள் சிரிக்காமல் வணக்கம் சொல்கிறார்கள். இரு தரப்பும் அடுத்தவரை மரியாதை தெரியாதவர் என்று நினைத்துக்கொண்டு பிரிகிறது. உங்கள் வணக்கத்துக்குப் பதில் வணக்கம் வந்தால் அந்தப் பார்வையை மறந்துவிடுங்கள். பத்துப் பேரில் ஒருவர் பதில் சொல்லாமல் போவார், போகட்டும்.

பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டாம், பானி (அம்மா), பான் (ஐயா) என்று சேர்த்துத்தான் பேச வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிடலாம் என்று வயதில் மூத்தவர்தான் முதலில் சொல்வார், காத்திருங்கள். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் முட்டி வலி, விலைவாசி, மழை, அரசாங்கம் எல்லாம் வரும். அதை எதிர்மறை எண்ணம் என்று எடுத்துக்கொண்டு, "எல்லாம் சரியாகிவிடும்" என்று உற்சாகப்படுத்தாதீர்கள். கூடச் சேர்ந்து நீங்களும் பனியைக் குறை சொல்லுங்கள். குறை சொல்வதில் சேர்த்துக்கொண்டார்கள் என்றால் உங்களைப் பாதி ஏற்றுக்கொண்டார்கள் என்று அர்த்தம். மறக்காமல் ஒன்று: இந்த நாட்டைக் கிழக்கு ஐரோப்பா என்றும் ரஷ்யா மாதிரி என்றும் சொல்லிவிடாதீர்கள்.

இந்த மக்கள் தேவை வந்தால் எப்படி மாறுவார்கள் என்பதை 2022 பிப்ரவரி கடைசியில் உலகமே பார்த்தது. உக்ரைனிலிருந்து லட்சக்கணக்கில் பெண்களும் குழந்தைகளும் வந்தபோது, அரசு முகாம் போடுவதற்கு முன்பே சாதாரண மக்கள் காரை எடுத்துக்கொண்டு எல்லைக்குப் போனார்கள், முன்பின் தெரியாதவர்களைத் தங்கள் வீட்டு அறைகளில் தங்கவைத்தார்கள். நம் மருத்துவ மாணவர்கள் பலரும் போலந்து வழியாகத்தான் ஊர் திரும்பினார்கள். எல்லையில் சூடான சூப்பும் சாக்ஸும் கொடுத்தவர்களைப் பற்றி அவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதே வாரத்தில் எல்லையோர ஊரான பிஷெமிஷில் வெள்ளையரல்லாத அகதிகளைச் சிலர் தாக்கியதாகவும் செய்தி வந்தது. இரண்டும் இதே நாடுதான், ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் கணவர் அலுவலகத்தில் பேச்சுக்கு ஏதாவது வேண்டுமென்றால் ஜாம்நகர் மகாராஜா திக்விஜயசிங்ஜியைப் பற்றிப் பேசட்டும். சோவியத் நாட்டிலிருந்து தப்பி வந்த போலந்து அநாதைக் குழந்தைகளுக்கு 1942-ல் குஜராத்தின் பாலாச்சடியில் தங்க இடம் கொடுத்தவர் அவர். வார்சாவில் நல்ல மகாராஜா சதுக்கம் என்று அவர் நினைவாக ஓர் இடமே இருக்கிறது. இந்தியா என்றதும் கண் மலரும் போலந்துக்காரர்கள் இருக்கிறார்கள், அந்தக் கதை தெரிந்தவர்கள்.

இனி உங்களைப் பற்றி. கணவர் எட்டு மணிக்குப் போனால் ஆறு மணிக்கு வருகிறார், நடுவில் அம்மாவோடு வீடியோ கால், மற்றபடி வீட்டுக்குள்ளேயே என்று எழுதியிருக்கிறீர்கள். டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடும் ஊர் இது. இருட்டும் தனிமையும் சேர்ந்தால், உணர்ச்சி காட்டாத முகம்கூட நம்மைப் பழிக்கிற முகமாகத் தெரியும். என் தொழிலில் இதைத் தினமும் பார்க்கிறேன். தூக்கம் கெட்டிருக்கிறதா, காலையில் எழவே பிடிக்கவில்லையா, முன்பு ஆசையாகச் செய்தது எதுவும் இப்போது ருசிக்கவில்லையா? இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி இருந்தால் டாக்டரைப் பாருங்கள். கணவரின் நிறுவனம் உங்களையும் பையனையும் குடும்ப உறுப்பினராக ஸுஸ் எனப்படும் அரசு சமூகக் காப்பீட்டில் பதிந்திருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். பலர் இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். பதிந்திருந்தால் அரசுக் காப்பீட்டில் மனநல மருத்துவரைப் பார்க்கப் பரிந்துரைக் கடிதமே தேவையில்லை. ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி-யையும் பார்த்துவிடுங்கள், நம் தோலுக்கு இந்த வெயில் போதாது. பனி பெய்தாலும் பகல் பன்னிரண்டு மணிக்கு அரை மணி நேரம் வெளியே நடங்கள்.

போலிஷ் வகுப்பில் சேருங்கள். கஷ்டமான மொழிதான், ஏழு வேற்றுமை, நாக்கில் நிற்காத எழுத்துகள். ஆனால் நமக்கு வேற்றுமை உருபுகள் புதிதில்லையே. நகராட்சியும் தொண்டு நிறுவனங்களும் கட்டணம் இல்லாமலும் குறைந்த கட்டணத்திலும் வகுப்பு நடத்துகின்றன. வாரத்தில் இரண்டு நாள் போய்வர ஓர் இடம், அதே கஷ்டத்தில் இருக்கும் உக்ரைன், வியட்நாம் பெண்கள் நாலு பேர் என்று ஆகும், அதுவே பாதி மருந்து. தப்பாகப் பேசினாலும் முயற்சி செய்யும் வெளிநாட்டுக்காரரிடம் இவர்களின் முகம் மாறுவதை நீங்களே பார்ப்பீர்கள்.

கணவர் "கண்டுக்காதே" என்பது உங்களைத் தேற்றத்தான். ஆனால் அலுவலகத்தில் ஆங்கிலமும் நண்பர்களும் மதியச் சாப்பாட்டுத் துணையும் அவருக்கு இருக்கிறது, அந்த டிராமில் அவர் இல்லை. இந்தப் பக்கத்தை அவருக்கும் படிக்கக் கொடுங்கள். அவர் செய்ய வேண்டியவை: காப்பீட்டு விஷயத்தை இந்த வாரமே விசாரிப்பது, நீங்கள் வகுப்புக்குப் போகும் இரண்டு மாலைகளில் சீக்கிரம் வீடு வந்து பையனைப் பார்த்துக்கொள்வது, டிராம் சம்பவத்தை ஒருமுறை முழுதாக, இடையில் பேசாமல் கேட்பது.

ஊருக்குத் திரும்புவதில் எந்தத் தோல்வியும் இல்லை, போகலாம். ஆனால் அந்த முடிவை இப்போது எடுக்க வேண்டாம். மே 1-ம் தேதியும் 3-ம் தேதியும் விடுமுறை, நடுநாளுக்கும் லீவு போட்டுப் பலர் அதைத் தொடர் விடுமுறை ஆக்கிக்கொள்வார்கள். ஊர் முழுக்கப் பூங்காவிலும் தோட்டத்திலும் அடுப்பு மூட்டி உட்கார்ந்திருக்கும், எட்டு மணிக்கு மேல்தான் இருட்டத் தொடங்கும். ஜூன் வரை இருந்து பார்த்துவிட்டு, அதன் பிறகும் மனம் ஒட்டவில்லை என்றால் கிளம்புங்கள். அப்போது அது நீங்கள் யோசித்து எடுத்த முடிவாக இருக்கும்.

கடைசியாக ஒன்று. இவ்வளவு நீண்ட கடிதத்தில் உங்கள் பையன் என்ன நினைக்கிறான் என்று ஒரு வரிகூட இல்லை. அவன் தினமும் இந்தக் குழந்தைகளோடு ஆறேழு மணி நேரம் இருக்கிறான், உங்களைவிட அவனுக்கு இவர்களை நன்றாகத் தெரியும். டிராமில் நடந்ததை அவன் எப்படிப் புரிந்துகொண்டான் என்று முதலில் கேளுங்கள்; அந்த ஆட்கள் செய்தது தப்பு, நம்மேல் ஒரு தப்பும் இல்லை என்று தெளிவாகச் சொல்லுங்கள். அப்புறம் வகுப்பில் யாரோடு விளையாடுகிறான் என்று கேளுங்கள். வரும் சனிக்கிழமை அந்த ஒரு குழந்தையை மட்டும் வீட்டுக்குக் கூப்பிடுங்கள். கூட்டிக்கொண்டு வரும் அம்மாவுக்குத் தேநீர் போட்டு வையுங்கள், பாலை மட்டும் தனியாக வையுங்கள்.